எக்செல் அட்டவணைக்குக் கலையாத தோற்றம்: முழுமையான வழிகாட்டி

தலைப்புக்கு நீலம் பூசி, ஒன்று விட்டு ஒன்றாக வரிசைகளுக்குச் சாம்பல் நிறம் கொடுத்து, கட்டம் கட்டி முடித்தால் அட்டவணை பார்க்க நன்றாகத்தான் இருக்கும். பிறகு அதைத் தேதிவாரியாக அடுக்கிப் பாருங்கள். நிரப்பு நிறம் செல்லோடு சேர்ந்தே நகரும். அதனால் இரண்டு சாம்பல் வரிசைகள் ஒட்டி நிற்கும், அடுத்து மூன்று வெள்ளை வரிசைகள் வரும். கோடுகளோ செல்லோடு நகராமல் பழைய இடத்திலேயே இருக்கும். நடுவில் ஒரு வரிசை செருகினால் பட்டைக் கணக்கு இன்னும் தப்பும். இப்படிக் கையால் பூசிய அலங்காரத்தை ஒவ்வொரு வாரமும் பழுது பார்ப்பதிலேயே பலருக்கும் நேரம் போகிறது.

எந்த அலங்காரத்தை எந்த இடத்தில் போட வேண்டும் என்று தெரிந்தால் இந்த வேலை மிச்சம். எக்செலில் ஒரு செல்லின் தோற்றம் நான்கு அடுக்குகளாக உருவாகிறது. அடியில் இருப்பது தீம். கோப்பு முழுவதற்குமான நிறத் தொகுப்பும் எழுத்துருக்களும் அதில் இருக்கின்றன. அதற்கு மேல் அட்டவணைப் பாணி. அதற்கும் மேல் நாம் கையால் செல்லுக்குக் கொடுக்கும் வடிவமைப்பு. எல்லாவற்றுக்கும் மேலே, நாம் சொல்லும் நிபந்தனைக்கேற்பத் தானாக நிறம் மாற்றும் கண்டிஷனல் ஃபார்மட்டிங். மேலே உள்ளது கீழே உள்ளதை மறைக்கும். அட்டவணையில் "ஏன் இந்த நிறம் மாறவில்லை?" என்று எழும் கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்கு இந்த வரிசையிலேயே விடை இருக்கிறது.

கீழே எக்செலின் கணினிப் பதிப்பை வைத்தே விளக்கியிருக்கிறோம். கூகுள் ஷீட்ஸ், லிப்ரே ஆபீஸ் கால்க் இரண்டும் கடைசியில் வருகின்றன.

முதலில் அதை அட்டவணையாக மாற்றுங்கள்

கட்டம் கட்டிய தரவு எல்லாம் எக்செலின் கண்ணில் அட்டவணை இல்லை. தரவுக்குள் ஏதாவது ஒரு செல்லில் நின்று கன்ட்ரோல், டி இரண்டையும் அழுத்துங்கள். எல்லையைக் காட்டி ஒரு சிறு பெட்டி வரும். தலைப்பு வரிசை ஏற்கெனவே இருந்தால் "மை டேபிள் ஹேஸ் ஹெடர்ஸ்" என்ற பெட்டியில் குறி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எக்செல் தானாக "காலம்1", "காலம்2" என்று ஒரு தலைப்பை மேலே செருகிவிடும், உங்கள் தலைப்பு தரவாகிவிடும்.

மாற்றுவதற்கு முன் மூன்று விஷயங்களைப் பாருங்கள்.

இணைத்த செல்கள் இருந்தால் மாற்றும்போது அவை பிரிந்துவிடும். அட்டவணைக்குள் மீண்டும் இணைக்கவும் முடியாது. "முதல் காலாண்டு" என்று மூன்று நெடுவரிசைகளுக்குப் பொதுவான மேல்தலைப்பு வேண்டுமானால், அதை அட்டவணைக்கு வெளியே, மேல் வரிசையில் எழுதுங்கள். மூன்று செல்களையும் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல், 1 அழுத்தி, "அலைன்மென்ட்" பக்கத்தில் "ஹாரிசான்டல்" என்ற இடத்தில் "சென்டர் அக்ராஸ் செலெக்ஷன்" கொடுங்கள். இணைத்தது போலவே நடுவில் தெரியும், ஆனால் செல்கள் தனித்தனியாகவே இருக்கும். இணைப்பைவிட இதுதான் எப்போதும் நல்லது.

எக்செல் அட்டவணைக்குத் தலைப்பு ஒரே வரிசைதான். பெயர்களும் ஒன்றுக்கொன்று வேறாக இருக்க வேண்டும். "தொகை" என்று இரண்டு இருந்தால் இரண்டாவது "தொகை2" ஆகிவிடும். தலைப்பில் சூத்திரமோ எண்ணோ தேதியோ இருந்தால் அது வெறும் எழுத்தாகிவிடும்.

மூன்றாவது, நீங்கள் முன்பே பூசிய நிறம். அதை இப்போதே துடைத்துவிடுவது நல்லது. எப்படி என்று பின்னால் விரிவாகச் சொல்கிறோம்.

ஆயத்தப் பாணிகளும் ஏழு பெட்டிகளும்

அட்டவணைக்குள் ஒரு செல்லில் நின்றால் மேலே "டேபிள் டிசைன்" என்ற பட்டி தோன்றும். வெளியே வந்தால் மறைந்துவிடும், அதனால்தான் பலருக்கு அது கண்ணில் படுவதில்லை. அதில் வலப்பக்கம் ஆயத்தப் பாணிகள் இருக்கின்றன: லைட் வகையில் 21, மீடியத்தில் 28, டார்க்கில் 11, ஆக மொத்தம் 60. புதிதாக உருவாக்கும் அட்டவணைக்கு எக்செல் தானாகக் கொடுப்பது மீடியம் 2. அந்த நீலத் தலைப்பை எல்லோரும் பார்த்திருப்போம். படித்து வேலை செய்ய வேண்டிய அட்டவணைக்கு லைட் வகையே பொருத்தம். டார்க் வகை திரையில் ஒரு முறை காட்டிவிட்டுப் போகிற சிறிய பட்டியலுக்கு மட்டும்தான் ஒத்துவரும். அச்சிட்டால் மை தீர்ந்துவிடும்.

பாணிகளுக்குப் பக்கத்தில் ஏழு தேர்வுப் பெட்டிகள் உள்ளன. "ஹெடர் ரோ" தலைப்பைக் காட்டும், "டோட்டல் ரோ" கடைசியில் கூட்டல் வரிசை சேர்க்கும் (கன்ட்ரோல், ஷிஃப்ட், டி அழுத்தினாலும் அதேதான்). "பேண்டட் ரோஸ்", "பேண்டட் காலம்ஸ்" இரண்டும் பட்டைகள். "ஃபர்ஸ்ட் காலம்", "லாஸ்ட் காலம்" ஓர நெடுவரிசைகளைத் தனித்துக் காட்டும். "ஃபில்டர் பட்டன்" தலைப்பில் உள்ள அம்புக்குறிகளைக் காட்டும் அல்லது மறைக்கும். வரிசைப் பட்டை, நெடுவரிசைப் பட்டை இரண்டையும் ஒரே நேரத்தில் போடாதீர்கள். சதுரங்கப் பலகை போலாகி, கண் எந்தத் திசையில் போவது என்று தெரியாமல் திணறும்.

இந்தப் பட்டைகள் செல்லில் பூசிய நிறம் அல்ல. அட்டவணை தன் வரிசைகளை எண்ணி அவ்வப்போது வரைந்துகொள்பவை. அதனால் அடுக்கினாலும் வடிகட்டினாலும் புது வரிசை சேர்த்தாலும் ஒன்று விட்டு ஒன்று என்ற கணக்கு தப்பாது. கடைசி செல்லில் டேப் அழுத்தினால் வரும் புது வரிசையும் தன் நிறத்தோடுதான் வரும்.

சொந்தப் பாணி செய்வது

ஆயத்தப் பாணிகளைத் திருத்த முடியாது. ஒன்றை நகலெடுத்து அந்த நகலைத் திருத்தலாம், அல்லது முதலிலிருந்தே செய்யலாம். முதலிலிருந்து செய்வதையே பரிந்துரைக்கிறோம். நகலில் முன்பே என்னென்ன அமைப்புகள் ஒளிந்திருக்கின்றன என்று தேடுவதைவிட வெறும் பலகையில் ஐந்தாறு அமைப்புகள் கொடுப்பது எளிது.

பாணிப் பட்டியலின் கீழ்மூலை அம்புக்குறியைச் சொடுக்கி, அடியில் உள்ள "நியூ டேபிள் ஸ்டைல்" தேர்ந்தெடுங்கள். பெயர் கொடுக்கும் இடமும், அதன் கீழே அட்டவணையின் 13 உறுப்புகளின் பட்டியலும் வரும். ஒவ்வோர் உறுப்பையும் தேர்ந்தெடுத்து "ஃபார்மட்" பொத்தானை அழுத்தினால் எழுத்து, ஓரக்கோடு, நிரப்பு என்று மூன்று பக்கங்கள் திறக்கும். அமைப்பு கொடுத்த உறுப்பின் பெயர் பட்டியலில் தடித்த எழுத்தாக மாறிவிடும், எதைத் தொட்டோம் என்று அதைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம்.

படிக்க எளிதான, அச்சுக்கும் ஒத்துவரும் ஒரு பாணி இப்படி அமையும்:

1. "ஹோல் டேபிள்": நிரப்பு வேண்டாம். ஓரக்கோட்டில் மெல்லிய கோட்டைத் தேர்ந்தெடுத்து, நிறமாக "ஒயிட், பேக்கிரவுண்ட் 1, டார்க்கர் 25%" என்ற சாம்பலைக் கொடுங்கள். மேல், கீழ், உள்ளே கிடையாகச் செல்லும் கோடு ஆகிய மூன்றை மட்டும் போடுங்கள். செங்குத்துக் கோடுகள் வேண்டாம். நெடுவரிசைகள் சரியாக ஒதுங்கி நின்றால் அவற்றின் தேவையே இல்லை. கோட்டின் வகையையும் நிறத்தையும் முதலில் தேர்ந்தெடுத்துவிட்டு, அதன் பிறகே எந்தப் பக்கம் என்று சொடுக்க வேண்டும். மாற்றிச் செய்தால் பழைய கறுப்புக் கோடே விழும்.

2. "ஹெடர் ரோ": நிரப்புக்குத் தீமின் அழுத்தமான நிறங்களில் ஒன்று, "டார்க்கர் 50%" வரிசையில் உள்ளது. எழுத்து வெள்ளை, தடித்தது. உள்ளே செங்குத்தாக மெல்லிய வெள்ளைக் கோடு போட்டால் பக்கத்துப் பக்கத்துத் தலைப்புகள் ஒட்டிக்கொள்ளாமல் தெரியும்.

3. "செகண்ட் ரோ ஸ்ட்ரைப்": நிரப்பு "ஒயிட், பேக்கிரவுண்ட் 1, டார்க்கர் 5%", அதாவது சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று நிற எண்களும் 242 ஆக உள்ள மிக மெல்லிய சாம்பல். "ஃபர்ஸ்ட் ரோ ஸ்ட்ரைப்" என்பதைத் தொடாமல் விடுங்கள். முதல் பட்டைக்கு நிறம் கொடுத்தால் அது தலைப்பின் அடியிலேயே ஒட்டி வரும். இரண்டாவதற்குக் கொடுத்தால் தலைப்புக்கும் முதல் பட்டைக்கும் இடையே ஒரு வெள்ளை வரிசை கிடைக்கும்.

4. "டோட்டல் ரோ": நிரப்பு வேண்டாம். எழுத்து தடித்தது, மேல் ஓரத்தில் இரட்டைக் கோடு.

5. "ஃபர்ஸ்ட் காலம்": தடித்த எழுத்து மட்டும். இது பெட்டியில் குறியிட்டால்தான் செயல்படும் என்பதால் பாணியில் வைத்திருப்பதில் நஷ்டம் இல்லை.

பட்டை உறுப்புகளைத் தேர்ந்தெடுக்கும்போது "ஸ்ட்ரைப் சைஸ்" என்று ஓர் எண் பெட்டி தெரியும். 1 முதல் 9 வரை கொடுக்கலாம். ஒவ்வொரு பொருளுக்கும் வரவு ஒரு வரிசை, செலவு ஒரு வரிசை என்று இரண்டிரண்டாகப் போகும் பட்டியலில், முதல் பட்டை, இரண்டாம் பட்டை இரண்டுக்கும் 2 கொடுத்தால் ஜோடி ஜோடியாக நிறம் மாறும். வேண்டிய அளவு பயன்படுத்தப்படாத நல்ல வசதி இது.

அடியில் "இந்த ஆவணத்துக்கு இயல்பான பாணி" என்ற பொருளில் ஒரு பெட்டி இருக்கும். அதில் குறியிட்டால் இந்தக் கோப்பில் இனி உருவாக்கும் அட்டவணைகள் எல்லாம் இதே பாணியில் வரும். "ஓகே" அழுத்தியதும் பாணி பட்டியலின் உச்சியில் "கஸ்டம்" என்ற தலைப்பில் சேரும், ஆனால் உங்கள் அட்டவணைக்குத் தானாகப் பொருந்தாது. ஒருமுறை போய் அதைச் சொடுக்க வேண்டும். இதை மறந்துவிட்டு, "பாணி வேலை செய்யவில்லை" என்று மறுபடி முதலிலிருந்து செய்பவர்கள் நிறைய.

உறுப்புகளுக்குள்ளும் மேல் கீழ் உண்டு. ஹோல் டேபிள் எல்லாவற்றுக்கும் அடியில். அதன் மேல் நெடுவரிசைப் பட்டை, அதன் மேல் வரிசைப் பட்டை, பிறகு ஓர நெடுவரிசைகள், பிறகு தலைப்பும் கூட்டலும். ஆகவே முதல் நெடுவரிசைக்கு நிரப்பு நிறம் கொடுத்தால் அந்த நெடுவரிசையில் மட்டும் வரிசைப் பட்டை மறைந்துவிடும்.

பாணிக்குள் அடங்காதவை

அட்டவணைப் பாணியில் எழுத்துருவின் பெயரும் அளவும் மாற்ற முடியாது. அந்த இடங்கள் மங்கலாகவே இருக்கும். சீரமைப்பு, எண் வடிவம், வரிசை உயரம், நெடுவரிசை அகலம் ஆகியவையும் பாணியில் சேராது. இவற்றைத்தான் மூன்றாம் அடுக்கில், கையால் செய்ய வேண்டும்.

எழுத்துருவை அட்டவணைக்கு மட்டும் மாற்றாமல் கோப்பு முழுவதற்கும் மாற்றுங்கள். "ஹோம்" பட்டியில் "செல் ஸ்டைல்ஸ்" திறந்து, "நார்மல்" என்பதில் வலச்சொடுக்கு, "மாடிஃபை", பிறகு "ஃபார்மட்". தமிழில் தரவு உள்ள கோப்புக்கு இது முக்கியம். எக்செலின் இயல்பு எழுத்துருக்களில் தமிழ் எழுத்துகள் இல்லை. 2007 முதல் இருந்த காலிப்ரி ஆகட்டும், அதன் இடத்துக்கு வந்த ஆப்டோஸ் ஆகட்டும், இதே நிலைதான். விண்டோஸ் வேறோர் எழுத்துருவை இரவல் வாங்கிக் காட்டுகிறது. ஆனால் வரிசை உயரம் இயல்பு எழுத்துருவின் கணக்கில் 15 புள்ளி அளவிலேயே நின்றுவிட்டால், மேலே புள்ளியும் "கீ"யின் சுழியும், கீழே "கூ"வின் காலும் நறுக்கப்பட்டுத் தெரியும். தடித்த தலைப்பில் இது இன்னும் அசிங்கமாக இருக்கும். நார்மல் பாணிக்கே நிர்மலா யூஐ கொடுத்துவிடுங்கள். பிறகு தரவு வரிசைகளுக்கு 20 புள்ளி, தலைப்புக்கு 30 புள்ளி உயரம் வைத்து, செங்குத்துச் சீரமைப்பை நடுவில் அமைத்தால் எழுத்துகள் மூச்சுவிடும்.

தமிழ்த் தலைப்புகள் நீளமானவை. "நிலுவைத் தொகை" என்பதை முழுசாகக் காட்ட நெடுவரிசையை இழுத்துக்கொண்டே போனால் அட்டவணை பக்கத்தைத் தாண்டிவிடும். தலைப்பு வரிசைக்கு "ராப் டெக்ஸ்ட்" கொடுங்கள், அல்லது இரண்டு சொற்களுக்கும் இடையே நின்று ஆல்ட், என்டர் அழுத்தி நீங்களே மடித்துவிடுங்கள். எக்செல் விருப்பப்பட்ட இடத்தில் ஒடிப்பதைவிட நீங்கள் சொல்லும் இடத்தில் மடிவதே அழகு.

சீரமைப்பில் விதி ஒன்றுதான்: எழுத்து இடப்பக்கம், எண் வலப்பக்கம், தலைப்பு தன் நெடுவரிசை எந்தப் பக்கமோ அந்தப் பக்கம். எண்களை நடுவில் வைத்தால் நூறும் ஆயிரமும் ஒன்றின்கீழ் ஒன்று நிற்காது, எது பெரியது என்று ஒவ்வொன்றாகப் படித்துத்தான் அறிய வேண்டியிருக்கும். ஆனால் வலப்பக்கம் தள்ளுவதற்கு முன், எண்கள் தாமாக எந்தப் பக்கம் நிற்கின்றன என்று பாருங்கள். இடப்பக்கம் ஒட்டி, மூலையில் பச்சை முக்கோணத்தோடு நின்றால் அது எண் அல்ல, எண் போலத் தோன்றும் எழுத்து. கூட்டலில் சேராது. அதை வலப்பக்கம் தள்ளினால் நோய் தெரியாமல் போய்விடும்.

வலப்பக்கத் தலைப்பில் ஒரு சிக்கல் உண்டு. வடிகட்டி அம்புக்குறி செல்லின் வலக்கீழ் மூலையில் உட்கார்வதால், "தொகை" என்பதன் கடைசி எழுத்து அதன் அடியில் ஒளிந்துகொள்ளும். கன்ட்ரோல், 1 அழுத்தி, அலைன்மென்டில் "ரைட் (இன்டென்ட்)" தேர்ந்தெடுத்து 2 கொடுங்கள். அப்போதும் மறைத்தால் 3. வடிகட்டத் தேவையே இல்லாத அட்டவணையானால் "ஃபில்டர் பட்டன்" குறியை எடுத்துவிடுவது இன்னும் சுத்தம்.

எண் வடிவத்தை நெடுவரிசை முழுவதற்கும் கொடுக்க வேண்டும். நெடுவரிசைக்குள் ஒரு செல்லில் நின்று கன்ட்ரோல், ஸ்பேஸ் அழுத்தினால் தலைப்பு நீங்கலாக அந்த நெடுவரிசையின் தரவு மட்டும் தேர்வாகும். இப்படிக் கொடுத்த வடிவத்தை அட்டவணை நினைவில் வைத்து, புதிதாகச் சேரும் வரிசைகளுக்கும் கொடுக்கும். பத்து செல்லை மட்டும் இழுத்துத் தேர்ந்து கொடுத்தால் பதினோராவது வரிசையில் வேறு வடிவம் வரும். பூஜ்யங்கள் நிறைந்த பட்டியலில், "கஸ்டம்" வகையில் இந்தக் குறியீட்டைக் கொடுத்துப் பாருங்கள்:

#,##0;-#,##0;"–"

அரைப்புள்ளியால் பிரித்த மூன்று பகுதிகளும் முறையே நேர்ம எண், எதிர்ம எண், பூஜ்யம் ஆகியவற்றுக்கு. பூஜ்யம் இருக்குமிடத்தில் சிறு கோடு மட்டும் தெரியும், ஆனால் செல்லில் மதிப்பு பூஜ்யமாகவே இருக்கும். செல்லில் ##### என்று வந்தால் தரவு கெட்டுவிடவில்லை. பெரும்பாலும் அகலம் போதவில்லை என்றே பொருள். நெடுவரிசை எழுத்துகளுக்கு இடையிலுள்ள கோட்டை இரட்டைச் சொடுக்குங்கள். எதிர்மத் தேதியாக இருந்தால் மட்டும் எவ்வளவு அகலமாக்கினாலும் போகாது. இரண்டு தேதிகளைக் கழித்த சூத்திரத்தில் முன்பின் மாறியிருக்கிறதா என்று பாருங்கள்.

பிடிவாதம் பிடிக்கும் செல்கள்

பாணியை மாற்றுகிறீர்கள். அட்டவணை முழுதும் மாறுகிறது, நடுவில் மூன்று செல்கள் மட்டும் பழைய மஞ்சளிலேயே நிற்கின்றன. அல்லது அடர் நீலத் தலைப்பில் எழுத்து மட்டும் கறுப்பாகவே இருந்து படிக்க முடியவில்லை. இரண்டுக்கும் காரணம் ஒன்று: அந்தச் செல்களில் கையால் போட்ட நிறம் பாணிக்கு மேல் நிற்கிறது.

ஒரு சில செல்கள் என்றால், அவற்றைத் தேர்ந்தெடுத்து நிரப்பு நிறத்தில் "நோ ஃபில்", எழுத்து நிறத்தில் "ஆட்டோமேட்டிக்" கொடுங்கள். வெள்ளை நிரப்பும் நிரப்பின்மையும் ஒன்றல்ல. வெள்ளையைக் கொடுத்தால் அதுவும் ஒரு நிறம்தான், பட்டையை மறைக்கும். அதேபோல் "கறுப்பு" வேறு, "ஆட்டோமேட்டிக்" வேறு.

அட்டவணை முழுதும் இப்படி இருந்தால், பாணிப் பட்டியலில் வேண்டிய பாணியின் மேல் வலச்சொடுக்குங்கள். "அப்ளை அண்ட் கிளியர் ஃபார்மட்டிங்" என்பது கைநிறங்களை நீக்கிவிட்டுப் பாணியைப் பொருத்தும். "அப்ளை அண்ட் மெயின்டெய்ன் ஃபார்மட்டிங்" என்பது அவற்றை வைத்துக்கொண்டே பொருத்தும். "ஹோம்" பட்டியில் உள்ள "கிளியர் ஃபார்மட்ஸ்" பக்கம் போகாதீர்கள். அது எண் வடிவத்தையும் சேர்த்து அழிக்கும். 2024 ஜனவரி 1 என்று இருந்த தேதி 45292 என்று மாறி நிற்கும். தேதி தொலைந்துவிடவில்லை, எக்செல் உள்ளே வைத்திருக்கும் நாள் எண்தான் அது. மறுபடி தேதி வடிவம் கொடுத்தால் திரும்பி வரும். ஆனால் இருபது நெடுவரிசைகளுக்கு அதைச் செய்வது தண்டனை.

வேறு கோப்பிலிருந்து ஒட்டும்போதுதான் கைநிறங்கள் அதிகம் உள்ளே வருகின்றன. மதிப்பை மட்டும் ஒட்டப் பழகுங்கள்: கன்ட்ரோல், ஆல்ட், வி அழுத்தி "வேல்யூஸ்" தேர்ந்தெடுத்தால் போதும். இந்த ஒரு பழக்கம் அட்டவணையின் ஆயுளை நீட்டிக்கும்.

நிலைக்கேற்ப நிறம்

"நிலுவை" என்று உள்ள வரிசைகள் தனித்துத் தெரிய வேண்டும் என்றால் கண்டிஷனல் ஃபார்மட்டிங். வரிசை முழுதும் நிறம் மாற, முதல் தரவு வரிசை தாளின் 2ஆம் வரிசை என்றும், நிலை எஃப் நெடுவரிசையில் இருப்பதாகவும் கொள்வோம். இடமேல் தரவுச் செல்லில் தொடங்கித் தரவு முழுவதையும் தேர்ந்தெடுங்கள். "ஹோம்", "கண்டிஷனல் ஃபார்மட்டிங்", "நியூ ரூல்", கடைசியாக உள்ள சூத்திரவகை விதி. பெட்டியில் இப்படித் தட்டுங்கள் (நெடுவரிசை எழுத்தை ஆங்கில விசைப்பலகையில் தட்ட வேண்டும்):

=$எஃப்2="நிலுவை"

டாலர் குறி நெடுவரிசைக்கு முன்னால் மட்டும். அது எல்லாச் செல்களையும் எஃப்பைப் பார்க்கச் சொல்கிறது. 2க்கு முன்னால் டாலர் இல்லாததால் ஒவ்வொரு வரிசையும் தன் வரிசையைப் பார்க்கும். டாலரை முற்றிலும் விட்டுவிட்டால் முதல் நெடுவரிசை மட்டும் நிறம் மாறும் அல்லது ஒன்றுமே மாறாது. இரண்டுக்கும் டாலர் போட்டால் அட்டவணை முழுதும் ஒரே நிறமாகும். நிறம் ஒரு வரிசை தள்ளி விழுந்தால், விதி எழுதியபோது தேர்வு 3ஆம் வரிசையில் தொடங்கியிருக்கிறது, சூத்திரத்தில் 2 இருந்திருக்கிறது என்று பொருள்.

அட்டவணையின் நெடுவரிசைப் பெயர்களை இந்தப் பெட்டியில் நேரடியாக எழுதினால் எக்செல் ஏற்காது. சாதாரண செல் முகவரியே எழுதுங்கள். அட்டவணை வளரும்போது விதியின் எல்லையும் சேர்ந்து வளரும்.

விதிகளை அடிக்கடி எட்டிப் பார்க்க வேண்டும். "மேனேஜ் ரூல்ஸ்" திறந்து மேலே "திஸ் டேபிள்" தேர்ந்தெடுங்கள். ஒரே விதி துண்டு துண்டான எல்லைகளோடு பத்து முறை இருந்தால், வடிவமைப்போடு வெட்டி ஒட்டியதன் விளைவு அது. ஒன்றை வைத்து அதன் எல்லையைச் சரிசெய்துவிட்டு மற்றவற்றை நீக்குங்கள்.

சிவப்பு என்றால் மோசம், பச்சை என்றால் நல்லது என்று நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். சிவப்பு பச்சை வேறுபாடு தெரியாமையே நிறக்குருட்டில் அதிகம் காணப்படுவது. நிலையைச் சொல்லாக எழுதும் நெடுவரிசை கூடவே இருக்கட்டும். எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே 4.5க்கு 1 என்ற ஒளி வேறுபாடு வேண்டும் என்பது இணைய அணுகல் வழிகாட்டு நெறி. விரிதாளுக்கும் அது நல்ல அளவுகோல். இளஞ்சாம்பல் பட்டையின் மேல் நடுத்தரச் சாம்பல் எழுத்து இந்த அளவில் தேறாது.

தாளில் வரும்போது

"பேஜ் லேஅவுட்" பட்டியில் "பிரின்ட் டைட்டில்ஸ்" திறந்து, "ரோஸ் டு ரிபீட் அட் டாப்" என்ற இடத்தில் தலைப்பு வரிசையைக் காட்டுங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் தலைப்பு வரும். அட்டவணையாக இருந்தாலும் அச்சில் இது தானாக நடக்காது. அதே சாளரத்தில் "பிளாக் அண்ட் ஒயிட்" குறியிட்டால் நிரப்பு நிறங்கள் எதுவும் அச்சாகாது. பட்டையை மட்டும் நம்பிக் கோடில்லாமல் செய்த அட்டவணை அப்போது மொட்டையாக வரும். மேலே செய்த பாணியில் கிடைக்கோடு வைத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

வேலை முடியும் தருவாயில் "வியூ" பட்டியில் "கிரிட்லைன்ஸ்" குறியை எடுத்துவிட்டு ஒருமுறை பாருங்கள். எக்செலின் சொந்தக் கட்டக்கோடுகள் மறைந்ததும், நீங்கள் உண்மையில் எந்தக் கோடுகளைப் போட்டிருக்கிறீர்கள் என்று தெரியும்.

நிறங்களை ஒரே இடத்திலிருந்து மாற்றுவது

பாணியில் தீம் நிறங்களையே பயன்படுத்தச் சொன்னதன் பயன் இங்கே கிடைக்கும். "பேஜ் லேஅவுட்", "கலர்ஸ்", "கஸ்டமைஸ் கலர்ஸ்". எழுத்துக்கும் பின்னணிக்கும் நான்கு, அழுத்த நிறங்கள் ஆறு, இணைப்புகளுக்கு இரண்டு என 12 நிறங்கள். அழுத்த நிறம் ஒன்றை மாற்றினால் அதை நம்பியிருக்கும் எல்லா அட்டவணைகளும், வரைபடங்களும் ஒரே நொடியில் மாறும். பாணியில் எண் கொடுத்துத் தேர்ந்த தனி நிறங்கள் மட்டும் அசையாது.

இன்னொரு கோப்புக்கு எடுத்துச் செல்வது

சொந்தப் பாணி அந்தக் கோப்புக்குள்தான் இருக்கும். வேறு கோப்பில் வேண்டுமானால், இரண்டையும் திறந்து, அந்தப் பாணி உள்ள அட்டவணை இருக்கும் தாளின் பெயரில் வலச்சொடுக்கி "மூவ் ஆர் காப்பி" மூலம் மற்றக் கோப்புக்கு நகலெடுங்கள். "கிரியேட் எ காப்பி" குறியை மறக்காதீர்கள், இல்லாவிட்டால் தாளே இடம் மாறிவிடும். பாணி கூடவே போய்விடும். பிறகு அந்தத் தாளை நீக்கினாலும் பாணி தங்கும். தீம் நிறங்கள் மட்டும் போகாது, புதிய கோப்பின் நிறங்களை அது அணிந்துகொள்ளும்.

உலாவியில் திறக்கும் எக்செலில் சொந்தப் பாணி உருவாக்க முடியாது. கணினிப் பதிப்பில் செய்து சேமியுங்கள்.

தரவைத் தொகுத்துச் சுருக்கிக் காட்டும் பிவட் டேபிளுக்குத் தனிப் பாணிப் பட்டியல் உண்டு, செய்யும் முறை ஏறக்குறைய இதுவே. புதுப்பிக்கும்போதெல்லாம் அகலம் மாறித் தொல்லை கொடுத்தால் "பிவட் டேபிள் ஆப்ஷன்ஸ்" சாளரத்தில் "ஆட்டோஃபிட் காலம் விட்த்ஸ் ஆன் அப்டேட்" குறியை எடுத்துவிடுங்கள்.

கூகுள் ஷீட்ஸ், லிப்ரே ஆபீஸ் கால்க்

கூகுள் ஷீட்ஸில் "ஃபார்மட்" பட்டியில் "ஆல்டர்னேட்டிங் கலர்ஸ்". தலைப்பு, முதல் நிறம், இரண்டாம் நிறம், அடிவரிசை என்று நான்கு இடங்களுக்கு நிறம் தேர்ந்து சொந்தத் தொகுப்பாகச் சேமிக்கலாம். ஏற்கெனவே பட்டை உள்ள பகுதியின் மேல் இன்னொரு பட்டை போட விடாது. முதலில் பழையதில் நின்று "ரிமூவ் ஆல்டர்னேட்டிங் கலர்ஸ்" கொடுக்க வேண்டும். 2024இல் அங்கும் உண்மையான அட்டவணை வந்துவிட்டது: "ஃபார்மட்", "கன்வர்ட் டு டேபிள்". அட்டவணைப் பெயருக்கு அருகிலுள்ள அம்புக்குறியில் அதன் நிறத்தை மாற்றும் வழி இருக்கிறது.

கால்க்கில் "ஃபார்மட்" பட்டியில் உள்ள "ஆட்டோஃபார்மட் ஸ்டைல்ஸ்" பார்க்க எக்செல் பாணி போலத் தெரிந்தாலும், அது செல்களில் நிறத்தைப் பூசிவிட்டுப் போய்விடும். வரிசை சேர்த்தால் தொடராது. குறைந்தது மூன்று வரிசை, மூன்று நெடுவரிசை தேர்ந்தெடுத்தால்தான் இயங்கும். நீங்களே அழகுபடுத்திய ஒரு பகுதியைத் தேர்ந்து "ஆட்" அழுத்தினால் அதையும் பட்டியலில் சேர்க்கலாம். ஆனால் கால்க்கின் உண்மையான பலம் செல் பாணிகளில் இருக்கிறது. எஃப்11 அழுத்தினால் வலப்பக்கம் வரும். கண்டிஷனல் ஃபார்மட்டிங் விதி அங்கே ஒரு செல் பாணியையே பொருத்துவதால், எக்செலில் முடியாத ஒன்றை, நிலைக்கேற்ப எழுத்தின் அளவையே மாற்றுவதை, அங்கே செய்ய முடியும்.

எக்செல் அட்டவணையை அப்படியே கால்க்கில் திறக்கப்போகும் ஒருவருக்கு அனுப்பினால், கால்க்கின் பல பதிப்புகளில் பாணி தெரியாமல் வெறும் எண்களாக வரும். அனுப்பும் முன் கோப்புக்கு ஒரு நகல் எடுத்து, அந்த நகலில் "டேபிள் டிசைன்" பட்டியில் "கன்வர்ட் டு ரேஞ்ச்" கொடுங்கள். அட்டவணை கலைந்துவிடும், ஆனால் அதன் நிறங்களும் கோடுகளும் செல்களில் கையால் போட்டது போலவே பதிந்துவிடும்; அவை எங்கே திறந்தாலும் தெரியும். மூலக் கோப்பில் இதைச் செய்துவிடாதீர்கள்.